அவர் நாற்காலியில் உட்காரும் முன் அடித்த பெல்

மலர் போன வாரம் சென்னையிலிருந்து போன் போட்டாள். படிப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். சினிமாவில் பயமான கட்டங்களில் யார் கை ஓங்கியிருக்கிறது, யார் அடங்கிப்போகிறார் என்பதை வசனம் இல்லாமல் எப்படிக் காட்டுகிறார்கள் என்று கேட்டாள். “அப்பா, நீங்க இத்தன வருசம் தியேட்டர் கேபின்ல இருந்து பாத்திருக்கீக. தோணுறத எழுதி அனுப்புங்க, நான் சரி பண்ணிக்கிடுதேன்” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் பாண்டி போனைப் பார்த்துச் சொன்னான்: “யார்ட்டப் போய்க் கேக்க? பெத்த பிள்ளைகளையே பாதிப் படத்துல எழுப்பி வீட்டுக்கு அனுப்புன ஆளு.”

இந்தக் கேலி நம் வீட்டில் எத்தனையோ வருசமாக ஓடுகிறது. ஆபரேட்டர் பிள்ளைகள், ஆனால் அந்தப் படத்தின் பிற்பாதியைப் பார்க்காதவர்கள். டிவியில் அதைப் போட்டால் அப்பா சேனலை மாற்றிவிடுவார். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவேன். உங்கள் அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதை நீங்கள் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

மலர் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பாண்டி சொன்னதும் கூடவே வந்து நிற்கிறது. ஆகையால் ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் எட்டாப்பு வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆமத்தூரில் இருந்து தினம் சைக்கிள் மிதித்து சிவகாசிக்கு வந்து ஒரு தியேட்டரில் ரீல் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். சில வருசத்தில் லைசென்ஸ் வாங்கி ஆபரேட்டர் ஆனேன். கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. சூடு பட்ட விரல், திட்டு, மறுபடி சூடு.

கேபினில் ரெண்டு மிஷின். ஒரு ரீல் ஒரு மிஷினில் முடியும்போது அடுத்த மிஷினுக்கு மாற்றவேண்டும். சுவரில் கண்ணாடி போட்ட சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒன்று வழியாக வெளிச்சம் போகும், இன்னொன்று வழியாக நாம் பார்க்கணும். மிஷின் ஓடுகிற சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழாது. கேபினுக்குள் ஒரு ஸ்பீக்கர் உண்டு. தலைவலி வருகிறது என்று நான் அதைக் குறைத்தே வைத்திருப்பேன். ஆகவே எல்லாப் படத்தையும் நான் ஊமைப் படமாகத்தான் பார்த்தேன். ஒரே படம், ஒரே கட்டம், தினம் நாலு தடவை. வசனம் போய்விட்டால் ஆள் நிற்கிற விதம்தான் மிச்சம்.

ஒரு படத்தில் ஒரு மில் முதலாளி. எதிரே கணக்கப்பிள்ளை நிற்பார். முதலாளி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருப்பார். உரித்துவிட்டு, சுளையில் ஒட்டியிருக்கிற வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுப்பார். எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கவே மாட்டார். ஹாலில் ஒருத்தர் இருமக்கூட மாட்டார்கள். அந்தக் கட்டத்தை எத்தனையோ தடவை ஓட்டிய பிறகுதான் ஒன்று பிடிபட்டது. முதலாளியின் கைக்கு வேலை இருக்கிறது. கணக்கப்பிள்ளைக்குக் கையை எங்கே வைக்கிறதென்று தெரியவில்லை. சட்டை நுனியைத் தொடுகிறார், விடுகிறார். பயம் முகத்தில் வருவதற்கு முன்னால் கைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு படத்தில் போலீஸ் ஸ்டேஷன். பிடித்துவந்த ஆளை ஏட்டு அடிக்கவே இல்லை. நாற்காலியில் இருந்து எழுந்துபோய் வாசல் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அம்புட்டுத்தான். பொம்பளைகள் பக்கத்தில் இருந்து “ஐயோ” என்று ஒரு சத்தம் வந்தது. அடி விழுந்திருந்தால்கூட அந்தச் சத்தம் வந்திருக்காது. கதவு யார் கையில் இருக்கிறதோ அந்தக் கட்டம் அவர் கையில் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

காமிராவைத் தரையோடு வைத்து எடுத்தால் ஆள் பனைமரமாகத் தெரிவார், உயரத்தில் இருந்து எடுத்தால் கோழிக்குஞ்சாகத் தெரிவார் என்பதெல்லாம் உன் வாத்தியார்களே சொல்லியிருப்பார்கள், மலர். எனக்குத் தெரிந்தது, கேபின் உயரத்தில் இருந்து பார்த்தால் ஹாலில் இருக்கிற எல்லாருமே கோழிக்குஞ்சுதான் என்பது. ஒரு கூண்டுக்குள் அடைத்துவைத்த மாதிரி இருக்கும்.

இனி எங்கள் மேனேஜரைப் பற்றி. தங்கராசு அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை. அவருடைய ஆபீஸ் ரூமில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் இருப்பார். பட விநியோக ஆபீஸில் இருந்து வந்தாலும் சரி, போஸ்டர் ஒட்டுகிறவர் வந்தாலும் சரி, நின்றுதான் பேசணும். கேண்டீன்காரர் ஒரு தடவை மரியாதைக்கு இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சாயங்காலத்துக்குள் அது டிக்கெட் கொடுக்கிற ரூமுக்குப் போய்விட்டது.

அதட்டிப் பேச மாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு “அப்படியா” என்பார். அப்புறம் ஒன்றும் பேசாமல் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றுவார். கிலுங் கிலுங் என்று அது சுற்றச் சுற்ற, மறைத்து வைத்திருந்ததையும் நாமே சொல்லிவிடுவோம். ஒரு நாள் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனேன். கடைசியில் லீவு வேண்டாம் அண்ணாச்சி என்று நானே சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன். அவர் “அப்படியா” தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் மாமா அந்தக் கோபத்தை இன்னும் விடவில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஹாலின் ரெண்டு பக்கமும் சைடு கதவுகள். புதுப் படம் வந்தால் டிக்கெட் இல்லாத ஆட்கள் அந்த வழியாக நுழைந்துவிடுவார்கள். அதனால் படம் தொடங்கியதும் வெளியே சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். இடைவேளை பெல் கேபினில் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த பெல் அடித்தால்தான் கேட்காரர்கள் பூட்டைத் திறக்கணும். “பெல் அடிச்சா யாரு தடுத்தாலும் தொறக்கணும். அடிக்காட்டி யாரு சொன்னாலும் தொறக்கக்கூடாது, நானே வந்து சொன்னாலும்” என்பார். கேட்காரர்கள் இதை சாமி வாக்கு மாதிரி வைத்திருந்தார்கள். ஓசியில் படம் பார்க்கிறவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. நெருப்பை நினைத்து யாரும் செய்யவில்லை.

ரெண்டாயிரம் பிறந்து சில வருசம் ஆகியிருந்தது. திருட்டு விசிடியால் கூட்டம் குறைந்துபோய், பெரிய நடிகர் படம் வந்தால் மட்டும் ஹால் நிறையும் காலம். தீபாவளிக்கு முந்தின சீசன். ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு படம் வந்தது.

சனிக்கிழமை சம்பள நாள். பட்டாசுக் கம்பெனி வேன்கள் நாரணாபுரம் பக்கம் இருந்து வந்து தியேட்டர் வாசலிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். குளிக்காமல், துணி மாற்றாமல் அப்படியே சாயங்கால ஷோவுக்கு வருவார்கள். பேன்சி வெடி வேலை செய்கிறவர்கள் மேலெல்லாம் அலுமினியப் பவுடர் ஒட்டியிருக்கும். திரையில் பகல் காட்சி வந்தால் அந்த வெளிச்சத்தில் ஹாலுக்குள் அங்கங்கே தோளும் தலையும் வெள்ளியாக மினுங்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் அழகு என்பான். எனக்கு அழகாகத் தெரியாது. அது நெருப்பைக் கண்டால் என்ன செய்யும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மற்ற ஊர்களில் ரசிகர்கள் காகிதம் கிழித்துப் போடுவார்கள், சூடம் காட்டுவார்கள். நம் ஊரில் கையில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். வெடி எல்லாம் கேட்டுக்கு வெளியே என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவைத்திருந்தார். அதையும் மீறக்கூடிய ஆள் ஊரில் ஒருத்தர்தான். தியேட்டர் முதலாளியின் தங்கச்சி மகன். முதலாளி விருதுநகரில் இருந்தார், மாசத்துக்கு ஒரு தடவை வருவார். இந்தப் பையனை எல்லாரும் சின்ன முதலாளி என்பார்கள். அந்த நடிகருக்கு ரசிகர் மன்றத் தலைவரும் அவர்தான்.

அந்தப் படத்தில் முதல் பாதி முழுக்க ஒரு நாற்காலியைச் சுற்றித்தான் கதை. வில்லனுடைய பெரிய மர நாற்காலி. அதன் முன்னால் கதாநாயகனின் அப்பா கைகட்டி நிற்பார், அவமானப்படுவார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகன் அந்த வீட்டுக்குள் நடந்து வருவார். ஆட்கள் ஒவ்வொருத்தராக ஒதுங்குவார்கள். வில்லன் தன்னை அறியாமலே எழுந்து நிற்பான். இவர் போய் அந்த நாற்காலியில் உட்காருவார். இடைவேளை என்று எழுத்து விழும். மேட்னி ஷோவில் அவர் உட்கார்ந்ததும் விசில் சத்தத்தில் கேபின் சுவர் அதிர்ந்தது. சின்ன முதலாளியும் அந்த ஷோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காரர் சுப்பையா டீயோடு மேலே வந்தார். கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“என்னய்யா?”

“ஸ்கிரீனுக்குக் கீழ, மேடையில ஒரு சாக்கு கொண்டாந்து வச்சிருக்காக. உள்ள சரவெடி. நேரா கம்பெனியில இருந்து வந்திருக்கு, லேபிள்கூட ஒட்டல. ஹீரோ நாற்காலியில உக்காரும்போது திரி வைக்கணுமாம். சின்ன முதலாளி ஏற்பாடு.”

“உள்ளயா?”

“உள்ளதான். அண்ணாச்சிக்குத் தெரியுமான்னு கேட்டேன். ‘எங்க மாமா தியேட்டரு, அவரு யாரு’ங்காரு.”

“சைடு கதவு?”

“பூட்டித்தான் கெடக்கு. நடக்கிற வழியிலயும் சேர் போட்டு உக்கார வச்சாச்சு. ஊசி விழ எடமில்ல.” போகப் போனவர் திரும்பிப் பார்த்தார். “ஒங்க வீட்டுலயும் வந்திருக்காகய்யா. பிள்ளைகளோட. முன்னாலதான், பொம்பளைக பக்கம்.”

நான் ஓட்டை வழியாகப் பார்த்தேன். திரையில் ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தபோது உங்கள் அம்மாவைக் கண்டுபிடித்தேன். பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உங்களைக் கூட்டிக்கொண்டு அப்படியே வந்திருக்கிறாள். தலைமுடி வெள்ளியாக மினுங்கியது. மலர் மடியில். பாண்டி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் மேடை.

ஓடுகிற மிஷினை விட்டுக் கீழே இறங்கக்கூடாது. அன்றைக்கு இறங்கினேன். ஆபீஸ் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னால் ‘அப்படியா’ என்பார், ஆனால் நிறுத்திவிடுவார் என்று நம்பிக்கொண்டு போனேன்.

சின்ன முதலாளி அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கடலைப் பொட்டலம். ஒன்றை உடைத்து, தோலை ஊதி, வாயில் போட்டு, அடுத்ததை எடுத்தார். அண்ணாச்சி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சாவிக்கொத்து கையில்தான் இருந்தது. ஆனால் சுற்றவில்லை. சத்தம் வராதபடி பொத்திப் பிடித்திருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வசனமே வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “படம் ஓடுதுல்ல?” என்றார்.

“ஓடுது அண்ணாச்சி.”

“அப்ப நீ ஏன் இங்கன நிக்க? மேல போ. ஒன் வேலை மேலதான இருக்கு.”

சின்ன முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு கடலையை உடைத்தார்.

மாடிப்படி அடியில் சுப்பையா நின்றார். “பெல் அடிச்ச உடனே பூட்டைத் தொறந்துட்டு நேரா எங்க வீட்டுக்காரிகிட்டப் போ. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு. கேள்வி கேக்காம போகச் சொல்லு” என்றேன்.

“படம் பாதிதானய்யா ஆகியிருக்கும்?”

“பெல் அடிச்சாப் போகச் சொல்லு, போதும்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த பூட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மேலே வந்தபோது இடைவேளைக்கு முந்தின கடைசி ரீலுக்கு மாற்றவேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. மாற்றினேன். கத்தலாம் என்று நினைத்தேன். கத்தினால் வெடி என்கிற ஒரு வார்த்தைக்கே ஜனம் எழுந்து ஓடும், ஓடுகிற இடத்தில் பூட்டு. படத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாமா? இருட்டில் நாற்காலி பறக்கும், அந்த ஆத்திரத்திலேயே எவனாவது திரியில் வைத்துவிடுவான். அந்தக் கதவுகளைத் திறக்கவைக்கிற சாமான் அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது. அது என் கைக்குப் பக்கத்தில் கறுப்புப் பொத்தானாக இருந்தது. அதை முன்னாலேயே அமுக்கினால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரிந்தது.

கதாநாயகன் வாசலில் நுழைந்தார். மேட்னியில் நான் ரசித்துப் பார்த்த கட்டம் அது. செருப்புக் காலை மட்டும் காட்டுவார்கள். தூணோரம் நின்ற ஆட்கள் பின்னால் நகருவார்கள். வில்லன் முகத்தில் சிரிப்பு இருக்கும், ஆனால் கை நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும். நான் திரையை விட்டுக் கீழே பார்த்தேன். மேடைப் பக்கம் ரெண்டு பேர் குனிந்து சாக்கை இழுத்தார்கள். அப்புறம் அங்கே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஊதுபத்தி. நம் ஊரில் வெடிக்கு அதில்தான் திரி வைப்பார்கள். அந்தப் புள்ளி மேலே போனது, கீழே வந்தது. எவனோ காற்றில் ஆட்டிக் கனலை ஏற்றிக்கொண்டிருந்தான்.

பாண்டி, உன் தலை அந்தப் புள்ளிக்கும் எனக்கும் நடுவில் இருந்தது.

வில்லன் எழுந்து நின்றான். கதாநாயகன் நாற்காலியின் கையைத் தொட்டார். நான் பெல்லை அமுக்கினேன். அமுக்கிய விரலை எடுக்காமலே இன்னொரு கையால் மிஷின் வெளிச்சத்தை மூடி, மிஷினை நிறுத்தினேன். ஹால் விளக்கைப் போட்டேன். இடைவேளை சிலைடைத் தள்ளினேன்.

ஒரு நிமிசம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த அமைதியில் சைடு கதவுச் சங்கிலிகள் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு ஹாலே ‘ஓ’ என்று கூச்சல் போட்டது. எனக்கு வந்த வசவு எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். விளக்கு வந்து கதவும் திறந்துவிட்டால் நம் ஜனத்துக்கு டீ ஞாபகம் வந்துவிடும். மேடைக்குப் பக்கத்தில் ஒருத்தன் ஊதுபத்தியைப் பிடித்தபடி, கோயிலில் பூசாரிக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். சுப்பையா கூட்டத்துக்குள் முட்டிக்கொண்டு போனார். உங்கள் அம்மா கேபினைத் திரும்பிப் பார்த்தாள். உங்களைத் தூக்கினாள். பாண்டி கம்பியை விடமாட்டேன் என்று அழுதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன சொல்வது என்று அதுவரை நான் நினைக்கவே இல்லை. மிஷினைத் திறந்து, பிலிமில் நான் காலையில் போட்டிருந்த ஒட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் கையால் கிழித்தேன். ஆபரேட்டர் பிலிமைக் கிழிப்பது எப்படி என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. என் உடம்பே கூசியது.

சின்ன முதலாளி உள்ளே வந்தார். கூட வந்த ரெண்டு பேர் வாசலை மறித்து நின்றார்கள். அவர் என்னுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார். எரிகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்வரை வந்ததும் கீழே போட்டார். கேபினுக்குள் பீடிகூடப் பற்றவைக்கக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அடுத்த குச்சியை உரசினார்.

“பெல்லு யாரு அடிச்சது?”

“நான்தாங்க.”

“யாரக் கேட்டு?”

“பிலிம் ஒட்டு விட்டுப்போச்சுங்க. ஓடவிட்டா மிஷின்ல சிக்கி மொத்தமும் போயிரும். அதான்.”

“சரியா அவரு உக்காரும்போது விட்டுப்போச்சு.” எரிகிற குச்சியை என் பக்கம் நீட்டினார். “எங்க, காட்டு.”

கிழிந்த பிலிமைக் கொடுக்கப் போனேன். அதற்குள் பின்னால் இருந்து ஒரு கை அதை வாங்கியது. அண்ணாச்சி. அவர் வந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் அவருக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஆபரேட்டராக இருந்து மேனேஜர் ஆனவர்.

“ஒட்டுதான் தம்பி விட்டிருக்கு” என்றார். “பசை சரியாப் போடல. சோம்பேறிப்பய.” என்னைப் பார்த்து, “ஒட்டுப் போடத் தெரியாதவன் எல்லாம் ஆபரேட்டர்” என்றார். பிறகு அதே குரலில், அவசரமே இல்லாமல், சின்ன முதலாளியிடம் சொன்னார்: “அதுவும் ஒரு வகையில நல்லதுதான் தம்பி. உள்ள இருட்டுல வெடிச்சா எவன் கண்ணுக்குத் தெரியும், யாரு வச்சதுன்னு? இப்ப ஜனம் பூராவும் வெளிய வாசல்ல நிக்கி. ரோட்டுல போற வேன்ல இருக்கவன்கூடப் பாப்பான். நீங்க நடுவுல நின்னு ஒங்க கையால வைங்க.”

சின்ன முதலாளி குச்சியை ஊதி அணைத்தார். யோசித்தார். எழுந்தார். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

கேபின் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் இருந்து டிக்கெட் கவுண்டர் வரை சரத்தை விரித்தார்கள். சின்ன முதலாளி திரி வைத்தார். வெடித்தது. சத்தம் சீக்கிரம் முடிந்துவிட்டது. புகைதான் முடியவில்லை. திறந்த வெளி, மேலே வானம், ஆனாலும் கொஞ்ச நேரத்துக்குக் கேட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஜனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு தடுமாறியது. ஒருத்தர் தோளில் பொறி விழுந்து, சட்டையில் இருந்த பவுடர் வெள்ளையாகப் பற்றியது. பக்கத்தில் நின்றவர்கள் அவரைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தோல் மட்டும் வெந்தது, பிழைத்துக்கொண்டார். அவரைச் சுற்றி விலகி ஓட இடம் இருந்தது. நான் ஜன்னலை விட்டு ஹால் பக்கம் திரும்பினேன். காலி நாற்காலிகளைப் பார்த்தேன்.

இடைவேளை முடிந்ததும் கிழிந்த இடத்தை ஒட்டி, அந்தக் கட்டத்தை மறுபடி ஓட்டினேன். விசில் பறந்தது. சைடு கதவுகளைச் சாத்தினார்கள். சங்கிலி போடுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அது கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணாச்சி கூப்பிட்டார். ரூமுக்குள் போனேன். அவர் எழுந்து நின்றார். நாற்காலியைக் காட்டி, “உக்காரு” என்றார்.

நான் நின்றேன்.

“உக்காருங்கேன்.”

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வாசல் தெரியும், டிக்கெட் கவுண்டர் தெரியும், மாடிப்படி தெரியும். யார் வந்தாலும் போனாலும் தெரியும். அதுவரை எனக்கு அது தெரியாது. அண்ணாச்சி சுவரோரம், நேற்று நின்ற அதே இடத்தில் நின்றார்.

“மிஷின்ல ஒட்டு விட்டா பிலிம் ஓரத்து ஓட்டை வழியா நேரா போகும்” என்றார். “கையால கிழிச்சா குறுக்க போகும். எனக்குத் தெரியாதா சுந்தரம்?”

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மொதலாளி வீட்டுல இருந்து போன் வந்துச்சு. ஒட்டுப் போடத் தெரியாத ஆபரேட்டர் வேண்டாமாம். நேத்து நான் சொன்ன வார்த்தைதான். அத மாத்தி இப்ப நான் என்ன சொல்ல?” சாவிக்கொத்து சுற்ற ஆரம்பித்தது, பாதியில் நின்றது. “விருதுநகர்ல ஒரு தியேட்டர்ல ஆள் கேக்காக. சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கே போ. இந்தப் பக்கம் கொஞ்ச நாள் வராத.”

“சைடு கதவு அண்ணாச்சி?”

மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். பூட்டுகள் உள்ளே கிடந்தன. “நான் இங்கன இருக்கிற வரைக்கும் இதுகளும் இங்கனதான் இருக்கும்.” டிராயரை மூடினார். “அதுக்கு மேல எனக்குத் தெரியாது. எனக்கும் பொம்பளப் பிள்ளைக ரெண்டு இருக்குய்யா.”

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது. மலர், நான் மேலே எழுதியதை வைத்து, உட்கார்ந்திருக்கிறவன் பெரியவன், நிற்கிறவன் சின்னவன் என்று கட்டுரையில் போட்டுவிடாதே. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன், வேலை போனது எனக்கு. அவர் நின்றார், வேலை தப்பியது அவருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பயம்தான். அந்த ரூமில் இல்லாத ஒருத்தர்தான் அங்கே பெரியவராக இருந்தார். அப்படி ஒரு கட்டத்தை எப்படி எடுப்பது என்று உன் வாத்தியார்களிடம் கேட்டுச் சொல்.

விருதுநகர் தியேட்டரில்தான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இடம் மாறினதற்கு சம்பளம் கூடுதல் என்று உங்களிடம் சொன்னேன். உங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவளும் நானும் அதைப் பற்றி ஒரு தடவைக்கு மேல் பேசினதில்லை. எந்தத் தியேட்டருக்குப் போனாலும் கதவுப் பக்கம் சீட்டு கேட்கிறேன், படம் பார்க்காமல் கதவையே பார்க்கிறேன் என்று பாண்டி சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்ளட்டும். அவனுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அங்கேதான் உட்காரச் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பாண்டி அழுதபடியே தூங்கிப்போயிருந்தான். மலர் மட்டும் முழித்திருந்தாள். உங்கள் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, அந்த மாமா நாற்காலியில உக்காந்தாகளா இல்லையா?” என்று மலர் கேட்டாள். தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உட்கார்ந்தார்ம்மா. நீங்கள் ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்.